குறட்டை எப்போது நோயானது? ஒரு நாவலிலிருந்து ஒரகடம் நைட் ஷிஃப்ட் வரை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சு நடை சில இடங்களில் மாற்றப்பட்டிருக்கிறது.)



2023ல வந்த 'குட் நைட்' படம் ஞாபகம் இருக்கா? மணிகண்டன் நடிச்சது. கதையே ஹீரோவோட குறட்டையைச் சுற்றித்தான். அவருக்கு 'மோட்டார் மோகன்'னு பட்டப்பெயர். தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சோம். அதற்கு முந்தைய வருஷம், 2022 பிப்ரவரி 15 அன்று, இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்துபோனார். அவரைக் கவனித்த மருத்துவர்கள் ஊடகங்களிடம் சொன்ன காரணத்தில் ஒரு புதுப் பெயர் இருந்தது: அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற நோய்.

ஒரே விஷயம், ஒரு பக்கம் காமெடி, இன்னொரு பக்கம் மரணச் செய்தி. நடுவுல ஒரு பெரிய இடம் இருக்கு. அந்த நடு இடத்தைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

ஒருத்தர் ஸ்லீப் டெஸ்ட் எடுக்கிறார்னு வெச்சுக்குவோம். ரிப்போர்ட் வருது: 'மைல்ட்'. லேசானது. இதுக்கு என்ன அர்த்தம்? விட்டுடலாமா? மாதச் சம்பளத்துக்கு மேல விலை உள்ள ஒரு மெஷினை வாங்கணுமா? வாங்கினா ஹார்ட் அட்டாக் வராதா? மருத்துவ உலகம் இந்தக் கேள்விகளோட பல வருஷமா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு. அந்த வரலாற்றைச் சொல்லிட்டு, நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வருவோம். இரவுத் தூக்கத்தையே ஷிஃப்ட் போட்டுப் பங்கு பிரிச்ச ஊர்கள் அவை.

தொண்டைக்குள் என்ன நடக்குது?

முதல்ல உடம்பைப் புரிஞ்சுக்கலாம். நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுப் பாதையைத் திறந்தே வைத்திருக்கின்றன. தூங்கினதும் அவை தளர்கின்றன. பாதை கொஞ்சம் குறுகினால், போகிற காற்று உள்நாக்கையும் மேலண்ணத்தையும் அதிரவைக்கும். அதுதான் குறட்டை. பாதை முழுசாக மூடிக்கிட்டா, மார்பு மூச்சிழுக்க முயற்சி செய்யும், ஆனால் காற்று போகாது. 10 விநாடி அல்லது அதற்கு மேல் இப்படி நின்றால் அதை ஆப்னியா என்கிறார்கள்.

அப்போ இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி, ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. ஒரு பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்ப வரும். தூங்குகிறவருக்கு இது காலையில் ஞாபகமே இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நல்லா ஞாபகம் இருக்கும்.

இதயத்துக்கு இதுல என்ன வேலை? இரவில் இரத்த அழுத்தம் வழக்கமாக 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயத்துக்கு அது ஓய்வு நேரம். மூச்சு நின்று நின்று வரும்போது, ஒவ்வொரு தடவையும் உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைக் கூட்டுகிறது, பிரஷர் எகிறுகிறது. ஓய்வு எடுக்கவேண்டிய இதயம் ராத்திரி முழுக்க மேடும் பள்ளமுமா ஓடிக்கிட்டே இருக்கும்.

நம்ம வீடுகளில் "குறட்டை விட்டா நல்லா அசந்து தூங்குறான்னு அர்த்தம்"னு சொல்வாங்க இல்லையா? பல பேருக்கு உண்மை அதற்கு நேர் எதிர்.

சீட்டாட்டத்தில் தூங்கியவர்

1836ல் சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' என்ற கதையைத் தொடராக எழுத ஆரம்பித்தார். அதில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன். நின்றுகொண்டே தூங்குவான், கதவைத் தட்டும்போதே தூங்குவான், குறட்டை விடுவான். வாசகர்கள் சிரித்தார்கள். மருத்துவர்கள் அவனை ஒரு நோயாளியாகப் பார்க்க வெகுகாலம் ஆனது.

1956ல் அமெரிக்க மருத்துவர் சிட்னி பர்வெல்லும் அவரது குழுவும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 51 வயது, நிறுவன நிர்வாகி, நல்ல பருமன். வாரா வாரம் போக்கர் ஆடுவார். ஒரு நாள் கையில் மூன்று ஏஸ், இரண்டு கிங். போக்கர் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், சும்மா விடக்கூடாத கை அது. ஆனால் அவர் பந்தயம் கட்டவில்லை, ஏன்னா சீட்டோடு தூங்கிப்போயிருந்தார். அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பர்வெல் குழு இதற்கு டிக்கன்ஸ் நாவலின் பெயரையே வைத்து 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்' என்றது.

ஆனால் அவர்கள் காரணத்தை வேறு இடத்தில் தேடினார்கள். உடல் பருமனால் மூச்சு ஆழமாக வராமல், இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து, அதனால் பகலில் தூக்கம் வருகிறது என்பது அவர்கள் கணக்கு. இரவில் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

பார்த்தவர்கள் ஐரோப்பியர்கள். 1965ல் பிரான்ஸின் மார்சே நகரில் காஸ்டோவின் குழுவும், ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் யுங், கூலோ இருவரும், தனித்தனியாக இதே மாதிரி நோயாளிகளை இரவு முழுக்கக் கருவிகளோடு இணைத்துப் பதிவு செய்தார்கள். மூளை அலை, மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் ஒரே தாளில். அப்போதுதான் தெரிந்தது: இந்த மனிதர்களுக்கு இரவில் நூற்றுக்கணக்கான தடவை மூச்சு நின்று நின்று வருகிறது. பகல் தூக்கத்துக்கு முக்கியமான காரணம், இரவுத் தூக்கம் துண்டு துண்டாக உடைந்து கிடப்பது.

இத்தாலியின் போலோன்யாவில் லுகரேசியின் குழு 1970களில் அடுத்த அடியை வைத்தது. தூங்கும் நோயாளியின் இரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். ஒவ்வொரு மூச்சுத் தடைக்கும் பிரஷர் அலை மாதிரி ஏறி இறங்கியது. தூக்கம், மூச்சு, இதயம் மூன்றும் ஒரே கதையில் வந்து சேர்ந்தது அங்கேதான்.

தொண்டையில் ஒரு ஓட்டை

நோய் தெரிந்துவிட்டது. சிகிச்சை? 1969ல் ஜெர்மனியிலிருந்து வந்த பதில் கொடூரமானது: கழுத்தில் ஓட்டை போட்டு, அடைப்புக்குக் கீழே காற்றை உள்ளே விடுவது. டிரக்கியாஸ்டமி. ஆனால் வேலை செய்தது.

1972ல் கிறிஸ்டியன் கில்லெமினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். அங்கே ஏறக்குறைய 10 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் காரணம் தெரியாத உயர் இரத்த அழுத்தம். இரவில் மூச்சு நின்றுபோவதை இவர்கள் கண்டுபிடித்தார்கள். தொண்டையில் ஓட்டை போட்ட பிறகு பிரஷர் இறங்கிவிட்டது. தூக்கத்தைச் சரிசெய்தால் பிரஷர் சரியாகலாம் என்ற நம்பிக்கையின் ஆரம்பப் புள்ளிகளில் இது ஒன்று. ஆனா ஒன்னு கவனிங்க: அந்தப் பையனுக்கு இருந்தது கடுமையான நோய். இந்த வித்தியாசம் பிறகு ரொம்ப முக்கியமாகப் போகுது.

அடுத்து சிட்னி. 1980 ஜூன். தொண்டையில் ஓட்டை வேண்டாம் என்று மறுத்த ஒரு நோயாளி. காலின் சல்லிவன் என்ற மருத்துவர், காற்றை ஊதும் ஒரு மோட்டாரையும் மூக்கில் ஒட்டும் ஒரு முகமூடியையும் வைத்து, தொண்டைக்குள் லேசான காற்றழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார். சைக்கிள் டியூபில் காற்றடித்தால் ஒட்டிய ரப்பர் பிரிகிற மாதிரி, தொண்டை திறந்தே இருந்தது. அந்த ஆள் இரவு முழுக்கத் தூங்கினார். 1981ல் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. ஆரம்பகால மெஷின்களில் வாக்யூம் கிளீனர் மோட்டார்தான் ஓடியது. சத்தம் குறட்டையை விட மோசம்! இன்று நாம் 'சிபாப்' என்று சொல்கிற மெஷின் இதன் வாரிசு.

5 என்ற எண்

இப்போ 'மைல்ட்' என்ற சொல்லுக்கு வருவோம். இது எங்கேர்ந்து வந்தது?

கில்லெமினோ குழு 1976ல் 'ஸ்லீப் ஆப்னியா சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தபோது ஒரு கோடு போட்டது: 7 மணி நேரத் தூக்கத்தில் 30 தடவை மூச்சு நின்றால் நோய். 30ஐ 7ஆல் வகுத்துப் பாருங்க, மணிக்கு நாலு சொச்சம் வரும். அதுவே பின்னால் மணிக்கு 5 என்று நிலைத்தது. முழுசாக நிற்காமல் மூச்சு பாதியாகக் குறைவதும் பின்னர் கணக்கில் சேர்ந்தது. இந்த இரண்டையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று சொல்லும் எண்தான் ரிப்போர்ட்டில் வரும் ஏ.எச்.ஐ.

1999ல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் குழு ஒன்று இன்று நாம் பயன்படுத்தும் படிக்கட்டைக் கட்டியது. 5 முதல் 15 வரை மைல்ட், 15 முதல் 30 வரை மாடரேட், 30க்கு மேல் சிவியர்.

வசதியான எண்கள், ஆனா இயற்கை கொடுத்த எண்கள் இல்லை. ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலே கணக்கில் எடுக்கணுமா, 4 சதவீதம் இறங்கினால்தானா என்பதில் இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒரே ஆள், ஒரே இரவு. ஒரு விதிப்படி 'நார்மல்', இன்னொரு விதிப்படி 'மைல்ட்'. மல்லாந்து படுத்தால் ஒரு எண், ஒருக்களித்துப் படுத்தால் வேறு எண். முந்தின ராத்திரி குடித்திருந்தால் அது தனி. அதனால 6, 7, 8 என்று வருகிற ரிப்போர்ட்டை பரீட்சை மார்க் மாதிரி பார்க்கக் கூடாது.

ஒரு சம்பளப் பட்டியலில் தொடங்கிய கணக்கு

இது எத்தனை பேருக்கு இருக்கு? நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டெர்ரி யங் என்ற ஆய்வாளர் வேறு வழியில் போனார். மாநில அரசு ஊழியர்களின் சம்பளப் பட்டியலை எடுத்தார். அதிலிருந்து 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 602 பேரை ஆய்வகத்தில் தூங்கவைத்தார். 1993ல் முடிவு வெளியானது. ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம் பேருக்கு எண் 5ஐத் தாண்டியிருந்தது. பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தவர்கள் என்று பார்த்தால் ஆண்களில் 4 சதவீதம், பெண்களில் 2 சதவீதம். குண்டான ஆண்களின் அபூர்வ வியாதி என்று நினைத்தது, வேலைக்குப் போகிற சாதாரண மனிதர்களிடம் பரவலாக இருந்தது. பெண்களிடமும்.

இந்தியாவில் 2004ல் மும்பையில் உத்வாடியாவும் அவரது குழுவும் இதைச் செய்தார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு வந்த 35 முதல் 65 வயது வரையிலான ஆண்கள். 19.5 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுப் பிரச்சினை, 7.5 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கத்தோடு சேர்ந்த நோய். விஸ்கான்சின் ஆண்களின் 4 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. நம்மைவிடப் பருமன் அதிகமான நாடு அது. ஆனாலும் நம்ம எண்ணிக்கை குறையவில்லை. நம் உடம்பில் வயிற்றுக் கொழுப்பு சீக்கிரம் சேரும். அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 25லேயே உடல் பருமன் என்று கணக்கு வைக்கிறார்கள், மேற்கில் அது 30.

ஸ்ரீபெரும்புதூரில் இரவு எப்படி வேலைநேரமாச்சு?

இப்போ நம்ம ஊர். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர். 1991க்குப் பிறகு ராஜீவ் காந்தி நினைவிடம். 1990களின் இரண்டாம் பாதியில் மூன்றாவது அடையாளம் வந்தது. 1996ல் ஹூண்டாய் இந்திய நிறுவனம் தொடங்கியது, 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2000ல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை. கண்ணாடி உலையை ஒருமுறை பற்றவைத்தால் வருஷக்கணக்கில் அணைக்க முடியாது. அப்படிப்பட்ட ஆலையில் ராத்திரி, பகல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே 2000த்தின் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களை மாலை 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. வசந்தா என்ற தொழிலாளி தொடர்ந்த வழக்கில் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, பாதுகாப்பு, போக்குவரத்து போன்ற நிபந்தனைகளோடு. சம உரிமைத் தீர்ப்பு அது. கூடவே, இரவு ஷிஃப்டின் கதவும் பெண்களுக்குத் திறந்தது. 2006ல் நோக்கியா வந்தபோது அசெம்பிளி லைனில் நின்றவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள்.

2010ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012ல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013ல் ராயல் என்ஃபீல்டு. 2014 நவம்பர் 1ல் நோக்கியா மூடியது, ஆனால் போன் தயாரிப்பு போகவில்லை, ஃபாக்ஸ்கான் வழியாக ஐபோனாக வளர்ந்தது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது: 18,720 பேருக்கான படுக்கைகள். ஒரு சின்ன நகரமே ஷிஃப்ட் கணக்கில் தூங்கி எழும் இடம்.

வேலை நேரம் இங்கே எப்பவும் அரசியல்தான். 2023 ஏப்ரல் 21ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்த விவாதத்தில் சம்பளம், ஓவர்டைம், விடுப்பு எல்லாம் வந்தது. தூக்கமும் அந்தக் கணக்கில் ஒரு வரிதான்.

சரி, இதுக்கும் ஆப்னியாவுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் ஒன்னு இல்லை, முதல்ல அதைத் தெளிவாச் சொல்லிடறேன். நைட் ஷிஃப்ட் பார்த்தால் தொண்டை அடைக்காது. ஆனால் மூன்று இடங்களில் ரெண்டும் சந்திக்குது.

ஒன்று, மறைப்பு. சி ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ஸில் ஏறினால் காஞ்சிபுரம், அரக்கோணம், செய்யாறு பக்கம் வீடு போய்ச் சேரும் வரை எல்லாரும் தூங்குவாங்க. அதுல ஒருத்தருக்கு ஆப்னியா இருந்தா எப்படித் தெரியும்? "ஷிஃப்டு அப்படி"ன்னு அவரே நினைச்சுப்பார்.

இரண்டு, இதயம். 34 ஆய்வுகளை, 20 லட்சம் பேருக்கு மேல், ஒன்றாக அலசி 2012ல் 'பி.எம்.ஜே.' இதழில் வந்த கட்டுரை, ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 23 சதவீதம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. தூக்கம் குறைவு ஒரு சுமை, மூச்சுத் தடை இன்னொரு சுமை. ரெண்டும் ஒரே இதயத்து மேலதான் உட்காருது.

மூன்று, வயசு. இந்தத் தொழிற்சாலைகள் என்றாலே இருபது வயசுப் பசங்க என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 1998ல் 20 வயதில் சேர்ந்தவர் இன்று 45ஐத் தாண்டிவிட்டார். மும்பை ஆய்வு எந்த வயதில் எண்ணியதோ, அந்த வயதுக்குள் இந்தத் தொழில்தடத்தின் முதல் தலைமுறை வந்துவிட்டது. வயிறு போட்டாச்சு, பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. இந்தக் கதை இனி அவங்களைப் பற்றியது.

மைல்டுக்கு மெஷின் வேணுமா?

இப்போ ஆதாரங்களை வரிசையாகப் பார்ப்போம். இங்கேதான் வரலாறு திருப்பம் எடுக்குது.

2000: அதே விஸ்கான்சின் மக்களை 4 வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். மைல்ட் அளவில் இருந்தவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, எதுவுமே இல்லாதவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. 15க்கு மேல் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆக, மைல்ட் என்றால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது.

2005: இரண்டு ஆய்வுகள். அமெரிக்காவில் இதயக் கோளாறால் திடீரென இறந்த 112 பேரின் பழைய ஸ்லீப் டெஸ்ட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆப்னியா இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையே இறந்திருந்தார்கள். ஆப்னியா இல்லாதவர்களில் அது 21 சதவீதம்தான். ஸ்பெயினின் சரகோசாவில் 1,600க்கும் மேற்பட்ட ஆண்களைச் சராசரியாக 10 வருஷம் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சை எடுக்காத சிவியர் நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் தெளிவாகக் கூடுதல். சிபாப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த அபாயம் இல்லை. ஆனால் சிகிச்சை எடுக்காத மைல்ட், மாடரேட் ஆட்களிடம் அவ்வளவு தெளிவான கூடுதல் தெரியவில்லை.

இதைப் படித்த உலகம், "சிபாப் போட்டா இதயம் தப்பிக்கும்" என்ற முடிவுக்கு வந்தது. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. தினமும் ஒழுங்காக முகமூடி போட்டுத் தூங்குகிறவர், மாத்திரையையும் ஒழுங்காகப் போடுவார், நடக்கவும் செய்வார். காப்பாற்றியது மெஷினா, ஒழுங்கா? அதைப் பிரிக்க, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் சோதனை செய்யணும்.

2011ல் டெல்லியிலிருந்து அப்படி ஒரு சோதனை 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. மூன்று மாத சிபாப்பில் பிரஷர், கொழுப்பு எல்லாம் குறைந்தது என்றது. பெரிய செய்தி. ஆனால் 2013ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இன்னும் இணையத்தில் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கவனமா இருங்க.

2016ல் வந்தது பெரிய அடி. 'சேவ்' என்ற சோதனை. இந்தியா உட்பட 7 நாடுகள், 2,717 பேர். எல்லாருக்கும் மாடரேட் அல்லது சிவியர் ஆப்னியா, ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள். பாதிப் பேருக்கு சிபாப், பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சராசரியாக 3.7 வருஷம் பின்தொடர்ந்தார்கள். புதிதாக இதயப் பிரச்சினையோ பக்கவாதமோ வந்தவர்கள்: சிபாப் பக்கம் 17 சதவீதம், மறுபக்கம் 15.4 சதவீதம். அதாவது மெஷின் இதயத்தைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது, வேலைக்குப் போகாத நாட்கள் குறைந்தன.

ஏன் இப்படி? ஒரு காரணம், சராசரியாக ஒரு இரவுக்கு 3.3 மணி நேரம்தான் முகமூடி போட்டிருந்தார்கள். மீதி நேரம் தொண்டை பழையபடியே. இன்னொரு பக்கம், சிபாப்பால் பிரஷர் சராசரியாக இறங்குவது 2, 3 புள்ளிதான். பிரஷர் மாத்திரை இதைவிட நல்லா இறக்கும்.

சரி, இது கடுமையான நோயாளிகள். மைல்ட் ஆட்களுக்கு? 2020ல் பிரிட்டனில் 'மெர்ஜ்' சோதனை. மைல்ட் ஆப்னியா உள்ள 301 பேர், மூன்று மாதம். சிபாப் போட்டவர்களுக்குச் சுறுசுறுப்பும் வாழ்க்கைத் தரமும் தெளிவாகக் கூடின. மூன்று மாதச் சோதனை என்பதால் இதயத்தைப் பற்றி இதிலிருந்து தீர்ப்பு எழுத முடியாது. ஆனா "மைல்ட்தானே, சிகிச்சையே தேவையில்லை" என்ற பழைய அலட்சியத்துக்கு இது நல்ல பதில்.

மொத்தத்தில் வரலாறு நமக்குச் சொல்வது இது: மைல்ட் ஆப்னியாவுக்கு மெஷின் வாங்குவதற்கு நல்ல காரணம், பகலில் விழித்திருப்பது. "ஹார்ட் அட்டாக் வராது"ன்னு சொல்லி யாராவது விற்றால், அதுக்கு ஆதாரம் போதாது.

அப்போ என்னதான் செய்யறது?

மைல்டில் ஜெயிக்கிற சிகிச்சைகள் பெரும்பாலும் மலிவானவை. முதலில் எடை. விஸ்கான்சின் குழு இன்னொரு கணக்கும் போட்டது: உடல் எடை 10 சதவீதம் கூடினால் ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறும், 10 சதவீதம் குறைந்தால் சுமார் 26 சதவீதம் இறங்கும். 70 கிலோ ஆளுக்கு அது வெறும் 7 கிலோ. வேலையில் சேர்ந்து கேன்டீன் சாப்பாடு, நைட் ஷிஃப்ட் டீயும் பஜ்ஜியும் என்று ஏறுகிற அதே 7 கிலோ. 2009ல் ஃபின்லாந்தில் மைல்ட் ஆட்களை வைத்தே செய்த சோதனையில், எடை குறைத்தவர்களில் பலருக்கு எண் 5க்குக் கீழே போய்விட்டது.

அடுத்து, படுக்கும் விதம். மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு அடைபடுகிறவர்கள் நிறைய. ஒருக்களித்துப் படுக்கப் பழகினாலே பாதி வேலை முடியும். தூங்குவதற்கு முன் மது வேண்டாம், அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல் கருவியும் மைல்டில் நல்லா உதவும். இதுக்காகப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர்தான் செய்யணும். 2006ல் சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து ஒரு வேடிக்கையான, ஆனால் உண்மையான சோதனை நடந்தது: ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற ஊதுகுழலை 4 மாதம் ஊதப் பழகினவர்களுக்குத் தொண்டை வலுவாகி, ஆப்னியாவும் பகல் தூக்கமும் குறைந்தன. (நாதஸ்வர வித்வான்களை யாராவது சோதிக்கலாம்!)

மைல்டாக இருந்தாலும் யார் தள்ளிப்போடக் கூடாது? பகலில் தூக்கம் தாங்காதவர்கள், மாத்திரைக்குக் கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்கள், இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள், ஓட்டுநர்கள். ஒரகடத்தில் லாரி செய்கிறோம், ராத்திரி பெங்களூரு சாலையில் அதை ஓட்டுகிறவர் கண் அசந்தால் என்ன ஆகும்? ஐரோப்பிய ஒன்றியம் 2014லேயே மாடரேட், சிவியர் ஆப்னியாவை டிரைவிங் லைசென்ஸ் விதிகளில் சேர்த்துவிட்டது. நம்ம லைசென்ஸ் படிவத்தில் வலிப்பு, பார்வை, காது எல்லாம் கேட்கிறார்கள். குறட்டையைக் கேட்பதில்லை.

கேட்பதற்குச் செலவே இல்லை. 2008ல் டொராண்டோவில் உருவான 'ஸ்டாப் பேங்' என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் இருக்கு. சத்தமா குறட்டை விடுறீங்களா, பகல்ல களைப்பா இருக்கீங்களா, தூக்கத்துல மூச்சு நிக்கிறதை யாராவது பார்த்தாங்களா, பிரஷர் இருக்கா, அதோட பி.எம்.ஐ., வயசு, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. மூன்று அல்லது அதற்கு மேல் 'ஆமாம்' வந்தால் டாக்டரைப் பார்க்கணும். ஒரு விஷயம், அதில் பி.எம்.ஐ. 35க்கு மேல் என்று கேட்பார்கள். நம்ம ஆட்களுக்கு அது ரொம்ப உயரமான கோடு. பெண்களுக்குச் சத்தமான குறட்டை இல்லாமல், விடாத சோர்வு, காலைத் தலைவலி, தூக்கமின்மை என்றும் இது வரலாம். விடுதியில் பக்கத்துக் கட்டில் தோழி சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சுகர் பரிசோதனை வீட்டு வாசலுக்கு வந்தது. பிறகு அது பணியிடங்களுக்கும் போனது. பிரஷர் பார்க்க வரும் அதே செவிலியர் "மூச்சு நிக்குதுன்னு வீட்ல சொல்றாங்களா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். தொழிற்சாலைகளின் வருடாந்திர செக்கப்பிலும் கேட்கலாம். விஸ்கான்சினில் இந்த அறிவு தொடங்கியதே ஒரு சம்பளப் பட்டியலில்தான். இங்கேயும் சம்பளப் பட்டியல் இருக்கு.

தொழிலாளிகளுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஸ்லீப் டெஸ்ட் எடுக்கப் போகும்போது நீங்க எந்த ஷிஃப்டில் இருக்கீங்கன்னு டாக்டரிடம் சொல்லுங்க. நைட் ஷிஃப்ட் வாரத்தின் நடுவில், பகலில் தூங்கும் உடம்பை ஒரு ராத்திரி மட்டும் படுக்கவைத்து அளந்தால் எண் சரியாக வராமல் போகலாம். செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குறவங்க, 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் நுரைப் பொருள் சிதைவதால் திரும்பப் பெற்ற மாடல்களில் ஒன்றா என்று பார்த்துட்டு வாங்குங்க. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் முதலில் அங்கே கேளுங்க.

இந்த எபிசோட் மருத்துவ ஆலோசனைக்கு மாற்று இல்லை, அதையும் சொல்லிடறேன். ரிப்போர்ட்டில் 'மைல்ட்' என்று வந்தால் மூன்று விஷயத்தை டாக்டரிடம் கேளுங்க: என் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குது? நான் மல்லாந்து படுக்கும்போது மட்டும்தானா? என் பிரஷரை 24 மணி நேரமும் அளந்து பார்க்கலாமா? இந்த மூன்றுக்கும் கிடைக்கிற பதில், வெறும் ஏ.எச்.ஐ. எண்ணைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

உங்க ரூம்ல, உங்க பஸ்ல குறட்டை விடுற ஒருத்தருக்கு இதை அனுப்புங்க. கிண்டல் பண்ணி அனுப்பாதீங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.